என் தலையில் கட்டியது

நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் தங்கள் பெயரில் ஒரு எழுத்து தப்பினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பெயருக்கு முன்னால் இருக்கிற பட்டம் தப்பினால் பொறுக்கவே மாட்டார்கள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், நோட்டீஸ் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இந்த உண்மையை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெரியவர் வந்தார். மகன் படித்து முடித்துச் சாமியாராகப் போகிறான், அழைப்பிதழ் அடிக்க வேண்டும் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சந்தோஷமாக உட்கார்ந்து, பெரிய எழுத்தில் 'குருப்பட்டம் கட்டும் விழா' என்று அடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கட்டுறதுக்கு இது என்னம்மா, மளிகைக் கடைப் பொட்டலமா? எங்க பிஷப் தலையில கைய வைப்பாரு, கையில எண்ணெய் பூசுவாரு. அருட்பொழிவுன்னு போடுங்க."

போட்டேன். அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, கோட்டைப்பட்டினத்திலிருந்து மதரஸாக்காரர்கள் வந்தார்கள். ஓதி முடித்த பிள்ளைகளுக்கு விழா. இந்த முறை நான் முந்திக்கொள்ளவில்லை. பொழியணுமா, கட்டணுமா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். வந்தவர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, எங்கள்ல ரெண்டும் இல்லம்மா, ஸனது, அதாவது சான்றிதழ், வழங்கும் விழா என்று போடுங்கள் என்றார். அவர் போன பிறகு எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. ஒரு கூட்டம் பொழிகிறது, ஒரு கூட்டம் வழங்குகிறது, நாங்கள் மட்டும் கயிறும் கையுமாக நின்று கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நிஜமாகவே எங்களுக்குக் கட்டுவதுதான் எல்லாம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், கல்யாணத்துக்குத் தாலி கட்டுகிறோம், ஆட்டையும் கட்டுகிறோம், இல்லாத கதையையும் கட்டுகிறோம். பூசாரிக்குப் பட்டம் கட்டுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. 'அவருக்குப் பட்டம் கட்டிட்டாங்க' என்பதைத் தலை நிமிர்த்திச் சொன்னால் அது மரியாதை. வாயைக் கோணிக்கொண்டு சொன்னால், ஊர் கூடி ஒருத்தரை அசிங்கப்படுத்தியதாக அர்த்தம். எனக்கே வாயாடி என்று பட்டம் கட்டி ரொம்ப நாளாயிற்று. அதற்கு மேளமும் இல்லை, நோட்டீசும் இல்லை.

என் கணவர் வீட்டுக் குலதெய்வம் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் இருக்கிற அம்மன். ஒரு சின்னக் கட்டடம், முன்னால் தகரக் கொட்டகை, உள்ளே முழங்கால் உயரத்துக்கு அம்மன். பங்காளிகள் வகையறாவுக்குப் பொது. என் கணவரோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன்தான் பூசாரி. தம்பி வளைகுடாவில் டிரைவர். மூத்தாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, மனைவி இறந்த கையோடு காலும் சரியில்லாமல் போயிற்று. வண்டியிலிருந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு பிசகி, நிற்கவே சிரமப்பட்டார். திருப்பூரில் இருக்கிற மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது கோயில் சாவியை என் கையில் கொடுத்து, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கத்தா" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. என் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருக்கு இளைப்பு. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறினால் அன்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் கடையை அடைத்துவிட்டு, ஸ்கூட்டியில் பூவும் எண்ணெயும் வைத்துக்கொண்டு நான்தான் போவேன். பெருக்கித் தண்ணீர் ஊற்றி, அம்மனுக்கு அபிஷேகம் செய்து, சேலை கட்டி, விளக்கேற்றிச் சூடம் காட்டுவேன். யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் திருநீறு போட்டுவிடுவேன். கோயிலுக்குப் போகக் கூடாத மாதத்து நாட்களில் மட்டும் கணவர் வாசலில் நின்று விளக்கேற்றிவிட்டு இருமிக்கொண்டே வருவார்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? நாள் முழுவதும் மற்றவர்கள் எழுத்தைத் தட்டித் தட்டி, ஆதார் கார்டுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, வெயில் இறங்கின நேரத்தில் அந்தக் கருங்கல் மேல் தண்ணீர் ஊற்றும்போது எனக்கே குளித்த மாதிரி இருக்கும். அம்மனிடம் பேசுவேன். வாடிக்கையாளர்களைப் பற்றிக் கோள் சொல்வேன். அவளுக்கு எந்தச் சேலை எடுப்பாக இருக்கும், எது ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் பூசாரி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், 'அந்தப் புள்ள பாத்துக்கிருது' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் மட்டும் ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள் மேளம் அடித்து, எல்லோர் முன்னாலும் எனக்கும் பட்டம் கட்டுவார்கள் என்று. ஐம்பது வயதுக்கு மேல் அந்த மாதத் தொந்தரவும் நின்றபோது, இனி இவர்கள் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை என்று மனக்கணக்குப் போட்டேன். நினைப்புத்தான் பொழப்பைக் கெடுக்கும் என்பது சும்மாவா?

போன வைகாசிக்கு முன்னால் பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். பூசாரி இல்லாத கோயிலாக எத்தனை நாளைக்கு விடுவது என்று பேச்சு. நான் வீட்டில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்குப் பெண்கள் போக முடியாது. எங்களில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கூட்டத்தில் தலைக்கட்டுகள்தான் பேசலாம். பெண்களுக்குத் தலை உண்டு, கட்டுத்தான் கிடையாது. திரும்பி வந்த என் கணவர் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

என் கொழுந்தனுக்குப் பட்டம் கட்டுவதாக முடிவாகியிருந்தது. அவன் வெளிநாடு போதும் என்று அந்த மாதமே ஊருக்குத் திரும்புகிறான், லோடு ஆட்டோ வாங்கி ஓட்டப்போகிறான், கோயிலையும் பார்ப்பான் என்று பேசியிருக்கிறார்கள். என் பெயரை யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன். இவர்தான் எடுத்திருக்கிறார். கூட்டத்துக்குத் தலைவராக இருக்கிற பெரியவர், பொம்பளைக்குப் பட்டம் கட்டுற வழக்கம் நம்மள்ல இல்லையே என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது. "விடு. யாரு கட்டுனா என்ன, அம்மனுக்குத் தெரியும்" என்றார் இவர். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் நானும் ஒரு பக்கம், பூசாரிப் பதவி ஒரு பக்கம்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் கூட்டமாக இருக்கிற நேரத்தில் கொழுந்தன் போன் செய்தான். குரலே சரியில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டான். நான் பின்பக்கம் போனேன்.

"மதினி, பெரியவரு வாட்ஸ்அப்புல 'எல்லாரும் கூடி ஒனக்குப் பட்டம் கட்டியாச்சு, சீக்கிரம் வா'ன்னு போட்டிருக்காரு. என்ன பட்டம் மதினி? குடிகாரன்னா?"

போன முறை லீவில் வந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டு அந்தப் பெரியவர் முன்னால் ஆட்டம் ஆடியவன் அவன். ஊரே கூடித் தன்னை அசிங்கப்படுத்திவிட்டது என்று பயந்து, ரூமில் யாரோடும் பேசாமல், யார் போன் செய்தாலும் எடுக்காமல் இருந்திருக்கிறான். ஒரே வார்த்தை, பாவம், அவனை இந்தப் பாடு படுத்திவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாடா, அந்தப் பட்டம்தான், இங்கிட்டு வந்துராதே என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவன் குரலில் அழுகை இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன்.

பூசாரிப் பட்டம்டா தம்பி, தலையில கட்டுறது, மேளதாளத்தோட என்று விளக்கிச் சொன்னேன். நான் ஆசைப்பட்ட அதே வார்த்தைக்கு அவனுக்கு உட்கார்ந்து பொருள் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அவன் பெரிதாக மூச்சு விட்டான். சிரித்தான். பிறகு திடீரென்று நிறுத்திக்கொண்டான்.

"அப்ப நீங்க? நீங்கதானே மதினி பூசாரி?"

"இல்லப்பா. நான் பாத்துக்கிருந்தவ."

தனக்கு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? குடிகாரன் என்று பயந்தவனுக்குப் பூசாரி என்று கிடைத்தால் யார் விடுவார்கள்?

நோட்டீஸும் என் கடைக்குத்தான் வந்தது. வேறெங்கே போகும்? 'புதிய பூசாரிக்குப் பட்டம் கட்டுதல்' என்று அடித்து, கீழே கொழுந்தன் பெயரை அடித்தேன். நல்ல பார்டராகத்தான் போட்டேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, பிழையில்லாமல் அடிக்கிறதுதான் என் தொழில். ஆனால் பிரிண்ட் போட்ட பிறகு, பசிக்கவில்லை என்று சொல்லி டிபன் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

விழா அன்று காலையிலேயே கொட்டகை நிறைந்துவிட்டது. பட்டம் கட்டுகிற முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மன் கடைசியாகக் கட்டியிருந்த சேலையிலிருந்து பழைய பூசாரி ஒரு துண்டு கிழித்துப் புதியவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். பழையவர் கையால்தான் கட்ட வேண்டும். கட்டின பிறகு, கட்டிக்கொண்டவரைத் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. அதன்பின் புதிய பூசாரி திரையை இழுத்துவிட்டு, உள்ளே போய் அம்மனுக்குப் புதுச்சேலை கட்டி, திரையை விலக்கிச் சூடம் காட்டுவார். அதோடு அவர் பூசாரி.

மூத்தாரைத் திருப்பூரிலிருந்து காரில் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம், இன்றைக்கு நீ பொம்பளைகளோடு இரும்மா என்று பெரியவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். நான் பொங்கல் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தேன். புகை கண்ணில் ஏறியது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மேளம் அடித்தது. போன வெள்ளிக்கிழமை நான் கட்டிவிட்ட பச்சைச் சேலையை மூத்தார் கிழித்தார். கொழுந்தன் குளித்து, ஈர வேட்டியோடு, பயந்த முகத்தோடு குனிந்து நின்றான். அவன் தலையில் பரிவட்டம் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். நானும் குலவையிட்டேன். அவன் உள்ளே போனான். திரை விழுந்தது.

மேளக்காரர்கள் ஒரு பாட்டு வாசித்து முடித்தார்கள். இன்னொன்று தொடங்கினார்கள். திரை விலகவில்லை. திரைக்கு அடியில் கொழுந்தன் காலும், தரையில் சரிந்து கிடந்த சேலையும் தெரிந்தன. சரிந்த சேலை மேலே போகும், மறுபடி சரியும். கருங்கல்லில் இடுப்பு ஏது? கொசுவத்தை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் நழுவும். உள்ளே ஒரு கயிறு கொடுத்து இறுக்கி, அதில்தான் செருக வேண்டும். கூட்டத்தில் சிரிப்பு தொடங்கியது. லோடு ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டுற மாதிரி கட்டுறான் என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் திரையை விலக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினான் அவன். பரிவட்டம் கோணிப்போயிருந்தது, முகமெல்லாம் வேர்வை.

"மதினி, செத்த வாங்க. எனக்குச் சேலை கட்டத் தெரியல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. வீம்புதான். வழக்கம் இல்லாத இடத்துக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று உட்கார்ந்தே இருந்தேன். பெரியவர், அண்ணனுக்குத் தெரியாததா, நீ போய்ச் சொல்லிக் குடுப்பா என்று மூத்தாரைப் பார்த்துச் சொன்னார். மூத்தார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கும் தெரியாது. நான் ஒரு நாளும் கட்டுனதில்ல. என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் அவதான் திரைக்குள்ள வந்து கட்டிட்டு, பின்பக்கமாப் போவா. அவளுக்கப்புறம் இந்தப் புள்ள."

மேளம் நின்றுவிட்டது. எனக்கே அது தெரியாது. என் ஓர்ப்படி, மூத்தாரின் மனைவி, ஒரு நாளும் இதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. கோயிலுக்குப் போகும்போது எப்போதும் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். நான் அதைப் பூக்கூடை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. இந்த முறை புகையைக் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தேன்.

உள்ளே போய்க் கயிறு கட்டினேன். கொசுவம் எடுத்தேன். வாங்கி வைத்திருந்தது அரக்குச் சேலை, அவளுக்கு எடுப்பான நிறம். கொழுந்தன் பக்கத்தில் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "இவ்வளவு வேலை இருக்கா மதினி" என்று மெதுவாகக் கேட்டான். மூடிக்கிட்டுப் பிடி என்றேன். கட்டி முடித்து, பின்பக்கமாக வெளியே போகத் திரும்பினேன். ஓர்ப்படி போன அதே வழி. ஆனால் அவன் அதற்குள் திரையை முழுவதுமாக இழுத்துத் திறந்துவிட்டான். அம்மன் பக்கத்தில் நான் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

மூத்தார் எழுந்து நின்றார். பிடிக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீதிப் பச்சைச் சேலை அவர் தோளில் இருந்தது. அதை எடுத்துப் பல்லால் கடித்து இன்னொரு துண்டு கிழித்தார். பெரியவர், வழக்கம் இல்லையேப்பா என்றார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

"வழக்கம் இருந்துச்சு. திரைக்குள்ள இருந்துச்சு" என்றார் மூத்தார்.

சொல்லிவிட்டாரே தவிர, என் முன்னால் வந்ததும் அவருக்கே கை ஓடவில்லை. கொண்டையும் பூவுமாக இருக்கிற பெண்பிள்ளை தலையில் தலைப்பாகை மாதிரி எப்படிக் கட்டுவது? தோளைப் பார்த்தார். பிறகு காப்புக் கட்டுகிற மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு அது போதும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"தலையில கட்டுங்க."

"ஒன் தலையிலயாத்தா?"

"இத்தன வருசமா என் தலையிலதானே கட்டியிருக்கீங்க. இன்னைக்கு எல்லாரும் பாக்க ஒழுங்காக் கட்டுங்க."

முதலில் சிரித்தது என் கணவர். இருமிக்கொண்டே சிரித்தார். அப்புறம் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து, அதுவே குலவையாக மாறியது. பெரியவரும் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் கொண்டையிலிருந்த பூவைக் கழற்றிக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். அவன் பரிவட்டம் கோணியதைப் பார்த்தோ என்னவோ, மூத்தார் அவனுக்குக் கட்டியதைவிட எனக்கு இறுக்கிக் கட்டிவிட்டார். மேளம் அடித்தது. மணியை அவன் அடித்தான், சூடத்தை நான் காட்டினேன்.

சாயங்காலம் வரை நெற்றிப்பொட்டு விண்விண் என்று வலித்தது. கொஞ்சம் தளர்த்திக்கொள்ளேன் என்று இவர் இரண்டு தரம் சொன்னார். கட்டிக்கொண்டவள்தானே அவிழ்க்கலாம், நான் அவிழ்க்கவில்லை.